ஆலோசனை சொல்வோர் கையெழுத்திடவும்

குத்தோவார்ஜோ
4 மார்ச் 2023

அன்புள்ள துமினி அக்காவுக்கு வூரியின் சலாம். இங்கே ஹந்தோகோவும் நானும் கெந்திஸும் நலம். அங்கே நீங்களும் காஸ்தி அத்தானும் ராத்தியும் எப்படி இருக்கிறீர்கள்? மலையில் மழை நின்றதா?

இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, நன்கு ஆலோசித்து, முழு நினைவோடும் யாருடைய தூண்டுதலும் இன்றியும், சுகர்மான் பெரியப்பா நடத்திவரும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறினேன். குழு தொடங்கிய எட்டு ஆண்டுகளில் உயிரோடு வெளியேறிய முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எழுபத்து நான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது எழுபத்து மூன்று பேர். ஹந்தோகோ பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுன?"

"குழுவ விட்டு வந்துட்டேன்."

நுரையைத் துப்பாமலே கேட்டார்: "பெரியப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

"அவரு ஆறு பதினொண்ணுக்கே பார்த்துட்டாரு."

காரணம் இதுதான். கெந்திஸுக்கு மூக்கு ஒழுகியது. ஏழு மாதக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுவது செய்தியல்ல. ஆனால் நான் புத்தி கெட்டுப்போய் அதைக் குழுவில் எழுதிவிட்டேன். சாயங்கால மக்ரிப் தொழுகைக்குள் நாற்பத்தொரு ஆலோசனைகள் வந்தன. உடம்பில் காற்றுப் புகுந்துவிட்டது, வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து முதுகைச் சுரண்டு என்றார் ஒருவர். சுரண்டினால் எலும்பு வளையும் என்றார் அவர் மனைவி. பெயர் குறிப்பிடப்படாத ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர், பல்லாயிரம் குழந்தைகளை ஆராய்ந்து, தலையணைக்கடியில் பூண்டு வைக்கச் சொன்னதாக ஒரு காணொளி வந்தது. பெரியப்பா எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தினார். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். வயலை அளந்தவருக்கு வயிற்றை அளக்கத் தெரியாதா என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

இனிமேல் உங்களோடு கடிதத்தில்தான் பேசுவேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசி. அதில் எழுதுவதை அத்தான் சத்தமாகப் படிக்கிறார். மறுநாள் அது குழுவில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை வூரி


சும்பர்ஜாயா
19 மார்ச்

தங்கை வூரிக்கு அக்காவின் சலாமும் ஆசியும். கடவுள் புண்ணியத்தில் நலம். அத்தானுக்கு இடுப்புவலி. ராத்திக்குப் பரீட்சை.

நீ செய்தது மரியாதை இல்லை. பெரியப்பா உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். நீ நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவள். பிள்ளை பெற்று ஏழு மாதம்தான் ஆகிறது.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நம் தோட்டத்துக் காப்பி. நானே வறுத்து இடித்தது. நீ குடிக்க அல்ல, கெந்திஸுக்கு. தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை போடாமல், வெதுவெதுப்பாகக் கொடு. பல் முளைக்கும் காலத்தில் காய்ச்சல் வரும். காய்ச்சலில் வலிப்பு வரும். காப்பி குடித்துப் பழகிய பிள்ளைக்கு வலிப்பு வராது. இந்த மலையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நாற்பது நாளுக்குள் என் பொட்டலம் போய்விடும். பன்னிரண்டு வருடமாகப் போகிறது. யாரும் குறை சொன்னதில்லை.

குளித்தபின் பிள்ளைக்கு வயிற்றைக் கட்டு. ஹந்தோகோவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா துமினி


குத்தோவார்ஜோ
2 ஏப்ரல்

அக்காவுக்குச் சலாம். அத்தானின் இடுப்பு இப்போது தேவலையா? நோன்பு நாட்களில் மூட்டை தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இதுவும் ஆலோசனைதான். கேட்காமல் சொல்வதற்கு மன்னிக்கவும்.

பொட்டலம் வந்தது. நானும் ஹந்தோகோவும் குடிக்கிறோம். கெந்திஸ் வாசனை மட்டும் பார்த்தாள்.

குழுவிலிருந்து நான் வெளியேறியதும், குழு வீட்டுக்கே வரத் தொடங்கியது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கல்யாண வீட்டு வாசலில் வைப்பார்களே, அதுபோல ஒரு விருந்தினர் பதிவேடு வாங்கினேன். பட்டுத் துணி அட்டை, தங்கக் கோடு. வாசலில் சிறிய மேசை போட்டு, பேனாவை நூலில் கட்டி வைத்தேன். கட்டங்கள் நானே போட்டவை: பெயர். ஆலோசனை. யார் சொல்லிக் கேட்டது. எத்தனை குழந்தைகளுக்குச் செய்து பார்த்தது. குழந்தைக்கு மோசமானால் எந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டலாம். கையெழுத்து.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு மூர்னி. கெந்திஸின் நெற்றியைத் தொட்டுவிட்டுத் தொடங்கினார். "இஞ்சிய அரைச்சு..."

"ஒரு நிமிஷம் அக்கா. இதுல எழுதிட்டுச் சொல்லுங்க."

கட்டங்களை இடமிருந்து வலமாகப் படித்தார். கடைசிக்கு முந்தின கட்டத்தில் நின்றார். "இது எதுக்கு, கதவு எதுக்கு?"

"ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு வரலாம்னுதான்."

"அய்யய்யோ, நான் சும்மா சொன்னேன்டி! எனக்கென்ன தெரியும்?"

ஒரு நாளைக்குப் பன்னிரண்டாக இருந்த ஆலோசனை இரண்டாகக் குறைந்துவிட்டது. பெரியப்பா மட்டும் கையெழுத்துப் போட மறுத்து, நின்றபடியே ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறார். "என் வார்த்தைக்குச் சாட்சி வேணுமா?" என்று கேட்டார். "வார்த்தைக்கு வேண்டாம் பெரியப்பா, பிள்ளைக்கு" என்றேன். மூன்று நாள் வரவில்லை.

அக்கா, ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் மகன் பாகாஸ் இருந்திருந்தால் இந்த வருடம் அவனுக்குப் பதின்மூன்று வயது. காய்ச்சலில் வலிப்பு வந்து அவன் போன அன்று நானும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் ஏன் ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் கெந்திஸுக்குக் கொடுக்க மாட்டேன்.

கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

வூரி


சும்பர்ஜாயா
25 ஏப்ரல்

வூரிக்குச் சலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. அத்தானுக்கு இடுப்பு தேவலை. கெட்டுப்பட் ஓலைச்சோறு சரியாக வேகவில்லை, அரிசி மோசம்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் மழையில் நனைந்துவிட்டது. எழுத்து கலைந்துபோனது. படிக்க முடியவில்லை.

இன்னொரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். இது போனதைவிட நைசாக இடித்தது. பிள்ளைக்குத் தொண்டையில் சிக்காது.

அக்கா


குத்தோவார்ஜோ
14 மே

அக்காவுக்குச் சலாம். இங்கே எல்லோரும் நலம். கெந்திஸுக்கு இரண்டு பல். அறுவடை தொடங்கியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பறிக்கிறீர்களா?

மழையில் நனைந்த பக்கத்தைப் பற்றி இனி எழுதவில்லை. யாரை நம்புவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குழந்தை எடை பார்க்கும் நாளன்று கெந்திஸைக் கூட்டிப்போனேன். அந்தத் தூளித் தராசில் அவள் ஆட்டுக்குட்டிபோலத் தொங்கினாள். ஏழே முக்கால் கிலோ. மருத்துவச்சி இஸ்தி, தாய்மார்களுக்கு அரசு கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் புள்ளி வைத்தார். அந்தப் புத்தகத்தை நம் குடும்பத்தில் எல்லோரும் பிறந்த தேதி பார்க்க மட்டும் வைத்திருக்கிறோம். உள்ளேயும் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு என்ன செய்வது, எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது என்று படம் போட்டு இருக்கிறது. நூலகத்தில் வேலை செய்யும் நானே ஒன்பது மாதம் அதைத் திறக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இஸ்தியிடம் பதிவேட்டை நீட்டினேன். சிரித்தார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார், கதவு உட்பட. காப்பியைக் கேட்டேன்.

"காப்பி அம்மாவுக்கு. பிள்ளைக்கு இல்ல."

"வலிப்பு வராம இருக்கும்ங்கிறாங்களே?"

"வராம தடுக்கும்னு யாரும் நிரூபிக்கல. பிள்ளைக்குத் தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். எழுதிக்கோங்க, நான் சொன்னேன்னு."

பிறகு சுகாதார நிலையத்துக்குப் போனேன். மருத்துவர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், பெயர் அரியோ. கெந்திஸின் முழங்கையில் இருக்கும் சிவப்புத் தடிப்பைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியல. கேட்டுட்டு வியாழக்கிழமை சொல்றேன்" என்றார். வியாழக்கிழமை சொன்னார்.

அக்கா, இந்த மூன்று மாதத்தில் என் குழந்தையைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் ஐம்பதுக்கு மேல். "எனக்குத் தெரியல" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்றிலிருந்து இவரை நம்புகிறேன்.

உங்கள் இரண்டாவது பொட்டலமும் அருமை. அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

வூரி


சும்பர்ஜாயா
20 ஜூன்

சலாம். எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

நான் பிள்ளைக்கு அனுப்பியதை உன் அலுவலகம் குடிக்கிறது. சரி. உனக்கு இனி பொட்டலம் வராது. பெரியப்பா வீட்டுக்கு ஒரு டப்பா அனுப்பிவிட்டேன். பெரியவர் ஒருத்தர் கையிலாவது இருக்கட்டும்.

பறிப்பு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இதற்கு மேல் எழுத நேரமில்லை.

அக்கா


குத்தோவார்ஜோ
9 ஆகஸ்ட்

அக்காவுக்குச் சலாம். உங்கள் நலத்தை விசாரிக்கும் முன் எங்கள் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். கெந்திஸ் நன்றாக இருக்கிறாள். இப்போது பக்கத்தில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் படித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. இஸ்தி எடைக்கு ஏற்றபடி எழுதித் தந்திருந்த மருந்தைக் கொடுத்தேன். மதியம் சோர்ந்துபோனாள். சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினோம். ஹந்தோகோ மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். அப்போது பெரியப்பா வந்தார், கையில் உங்கள் டப்பாவோடு. யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் எதுவும் கேட்காமல் நேராக அடுப்படிக்குப் போனார்.

அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கண் மேலே போனது. உடம்பு விறைத்தது. பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா, நான் பயந்தேன். பயப்படவில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் புத்தகத்தில் இருந்தபடி பாயில் போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கழுத்துப் பொத்தானைத் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா கோப்பையோடு வந்து குனிந்தார். "வாயத் தொற. கரண்டிய விடு."

"வேண்டாம் பெரியப்பா."

"பிள்ள செத்துட்டிருக்கு, நீ மணி பார்க்குற! பேயாடி நீ?"

"கோப்பையக் கீழ வைங்க."

"எத்தன பிள்ளையப் பார்த்திருக்கேன் தெரியுமா? நகரு!"

என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் கெந்திஸுக்கும் அவருக்கும் நடுவில் மண்டியிட்டேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரைக் கை நீட்டித் தடுத்தது அதுதான் முதல் தடவை. காப்பி என் கைமேல் சிந்தியது. அந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை.

"சரி, ஊத்துங்க" என்றேன். "ஆனா அதுக்கு முன்னாடி வாசல்ல போய்ப் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன்னு எழுதுங்க. இந்தத் தடவ எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

வைக்கும்போது வலிப்பு நின்றது. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. எச்சில் வாயோரமாக வெளியே வழிந்திருந்தது. அவள் மூச்சை இழுத்து அழுதாள்.

சுகாதார நிலையத்தில் அவசரப் பிரிவு திறந்திருந்தது. அரியோ காதையும் தொண்டையையும் கழுத்தையும் பார்த்தார். இரவு வரை வைத்திருந்து அனுப்பினார். மறுபடி வந்தாலும் இதையே செய்யுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்காமல் ஓடி வாருங்கள் என்றார். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். குழுவில் அன்று எதுவும் வரவில்லை என்கிறார் ஹந்தோகோ.

அத்தானையும் ராத்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வூரி


குத்தோவார்ஜோ
6 செப்டம்பர்

அக்காவுக்குச் சலாம். என் கடிதம் வந்ததா? கெந்திஸ் நான்கு அடி நடக்கிறாள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அறுவடை முடிந்திருக்கும். ஒரு வரி எழுதினால் போதும்.

வூரி


சும்பர்ஜாயா
11 அக்டோபர்

வூரிக்கு அக்காவின் சலாம். நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

மழையில் எந்தப் பக்கமும் நனையவில்லை.

உன் பதிவேட்டில் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா. நான் இங்கே நிரப்புகிறேன். பாகாஸ் போன அன்று காப்பி கலக்கச் சொன்னவர் பெரியப்பா. விருந்துக்கு வந்திருந்தார். அடுப்படியில் கலக்கியது நீ. உனக்குப் பதினாறு வயது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டது உன் அத்தான். ஊற்றியது நான். பற்கள் இறுகியிருந்தன. கரண்டிக் காம்பால் திறந்தேன். அதற்கப்புறம் அவனுக்கு இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் முகம் நீலமாகிவிட்டது. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தினமும் கொடுத்துப் பழக்கியிருந்தால் வலிப்பே வந்திருக்காது என்று பெரியப்பா சொன்னார். நான் பழக்கவில்லை. அதனால்தான் மற்ற பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டினேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன். கெந்திஸுக்கு எதுவும் கொடுக்காமல், அது தானாகவே நின்றதா? தேற்றாதே. உள்ளதை எழுது.

துமினி


குத்தோவார்ஜோ
20 அக்டோபர்

அக்காவுக்குச் சலாம். இங்கே நலம்.

தானாகவே நின்றது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அரியோவிடம் போனேன். பெயரைச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல. வலிப்பு வர்றப்ப வாயில எதையும் ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போகும். அது தெரியும். அந்த அம்மா பிள்ளையக் காப்பாத்தத்தான் ஊத்தினாங்க. அதுவும் தெரியும்."

அவருடைய எண்ணை அடியில் எழுதியிருக்கிறேன். நீங்களே பேசலாம் என்றார்.

அந்தக் காப்பியைக் கலக்கியதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. ஹந்தோகோவிடமும் இல்லை.

வரச் சொன்னால் வருகிறேன். கெந்திஸோடு வருகிறேன்.

வூரி


சும்பர்ஜாயா
30 நவம்பர்

என் தங்கைக்கு அக்காவின் சலாம். நானும் அத்தானும் ராத்தியும் நலம். கெந்திஸுக்கு என் முத்தம். டிசம்பரில் பாதை வழுக்கும், ஜனவரி கடைசியில் வா.

மருத்துவரிடம் பேசினேன். மேட்டில் ஏறி நின்று பேசினேன், அங்கேதான் கேட்கும். அத்தான் பக்கத்தில் நின்றார். பேசி முடித்ததும் தொலைபேசியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் நாங்கள் இருவரும் கீழே இறங்கவில்லை.

அப்புறம் வீடு வீடாகப் போனேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு பத்தொன்பது. பிள்ளைக்குக் காப்பி கொடுக்காதே, நான் சொன்னது தப்பு என்றேன். யாரும் சும்மா விடவில்லை. காமியாத்தி கதவில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "பன்னெண்டு வருஷமா நல்லதுன்னீங்க, இன்னிக்குக் கெட்டதுங்கிறீங்க. நாளைக்குத் தாய்ப்பாலும் கெட்டதும்பீங்களா?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது, இன்னிக்குத் தெரியும்" என்றேன்.

"யார் சொன்னா?"

மருத்துவர் பெயரையும் எண்ணையும் சொன்னேன். பிறகு பாகாஸைப் பற்றிச் சொன்னேன். வாசலில் நின்றே சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி, பிள்ளைகளுக்கு எடை பார்க்கிற இடத்திலும் எழுந்து நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை பெரியப்பா அத்தானின் எண்ணுக்குக் கூப்பிட்டார். செய்தி அதற்குள் குழுவுக்குப் போயிருந்தது.

"குடும்பத்து விஷயத்த ஊருக்குள்ள கடை பரப்புறியா? வயசான காலத்துல என் மானத்த வாங்குறியா?"

"உங்க பேரச் சொல்லாமத்தான் பேசினேன் பெரியப்பா. அடுத்த மாசம் கீழ் ஊர்லயும் பேசக் கூப்பிட்டிருக்காங்க. சொல்லணுமா?"

வைத்துவிட்டார். அத்தான் சிரித்தார். பாகாஸுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த நவம்பரில் எங்கள் மலையில் நான்கு பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அதில் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. மூன்று பேரை மோட்டார் சைக்கிளிலும் ஒருவனை மிளகு லாரியிலும் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பேரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

துமினி